ஏன் போனீங்க?

அன்று காலை ஆலையில் சங்கு ஊதவில்லை.

சின்ன முதலாளி முந்தின நாளே அதைக் கழற்றி மூலையில் வைக்கச் சொல்லிவிட்டார். ஊதி ஊதி வேலைக்குக் கூப்பிடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்காதாம். கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திய இடி சார் பழக்க தோஷத்தில் தலையை நிமிர்த்திக் காது கொடுத்தார். ஒன்றும் வரவில்லை.

"ஊருக்கே மணி சொல்லிட்டிருந்த சங்கு. அதையும் ஊமையாக்கியாச்சு" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம்.

"அந்தக் குறையத் தீர்க்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்றபடி அவள் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு இந்த இருவரையும் நன்றாகத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்கிற ஆலை அது. கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும், கால்மாடு தாழும். அவர் தயாரிப்புக் கூடத்தின் சூப்பர்வைசர். குரலின் புண்ணியத்தில் எல்லோருக்கும் 'இடி சார்'. அவள் எச்.ஆர். பிரிவின் தலைவி, ஆலை முழுக்க 'மேடம்'. கேட்டைத் தாண்டிவிட்டால் கணவனும் இல்லை மனைவியும் இல்லை, சாரும் மேடமும்தான் என்பது கல்யாணமான புதிதில் இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

ஒரே மகள். வீட்டில் 'வாலு'. படித்து முடித்த கையோடு இதே ஆலையில் டிசைன் பிரிவில் சேர்ந்தாள். ஒரு சாயங்காலம், கூடத்தின் நடுவில், அத்தனை பேர் முன்னால், இடி சார் அவள் மேல் இடியாக இறங்கினார். ஆறு மணியானதும் பையைத் தூக்கியதுதான் அவள் செய்த குற்றம். கொஞ்ச நாளில் வேலையை விட்டாள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து வீட்டையும் விட்டாள். இப்போது வேறு ஊரில் வேலை, அங்கேயே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"மழையா அங்க?"

"இல்ல."

இரண்டு வருஷமாக இதுதான் பேச்சு. பேசி முடித்த பிறகும் அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்க நினைத்ததெல்லாம் அப்போதுதான் வரிசை கட்டி வரும்.

ஆலைக்கும் அதே கதிதான். சேருகிற இளசுகள், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையின் கயிறு அழுக்காவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அதனால்தான் சின்ன முதலாளி இடத்தையே தலைகீழாக மாற்றிக்கொண்டிருந்தார். கேன்டீனுக்கு மஞ்சள் வண்ணம். உயரமான ஸ்டூல்கள். மூலைக்கு மூலை தொட்டிச் செடி. எந்த ஷிப்ட் வேண்டும் என்று அவரவரே சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை மாற்றத்துக்கு நடுவே மேடம் சொல்லி நடந்த மாற்றம் ஒன்று உண்டு. டிசைன் பிரிவின் மேசைகளை இருட்டு மூலையிலிருந்து ஜன்னல் பக்கமாக நகர்த்தச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வெளிச்சத்துக்காக என்று சொல்லியிருப்பாள். பஸ்ஸிலும் வகுப்பிலும் வீட்டிலும் ஜன்னல் ஓரத்துக்காகச் சண்டை பிடித்த ஒரு பெண் வளர்ந்து வந்து அந்த மேசையில் உட்காருவாள் என்று கற்பனை செய்து வைத்திருப்பதை எந்த அதிகாரியிடம் சொல்ல முடியும்?

கூட்டம் கேன்டீனில் நடந்தது. இடி சார் ஸ்டூலில் உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தார்.

"காலு தரையில படாம எப்படி சார் மனுஷன் சாப்பிடுவான்? கோழி உக்கார்ந்த மாதிரி இருக்கு."

சின்ன முதலாளி சிரித்தார். பெரிய முதலாளி இருந்த நாளிலிருந்தே இடி சாரின் வாய்க்கு இந்த ஆலையில் தனிச் சலுகை உண்டு.

"சனிக்கிழமை நாள் முழுக்க வாசலைத் திறந்து வைக்கிறோம்" என்றார் அவர். "புதுசா வேலை தேடுறவங்களும் வரட்டும். நம்மகிட்ட வேலை பாத்துட்டுப் போனவங்களும் வரட்டும். சுத்திப் பாக்கட்டும், பிடிச்சா சேரட்டும். சாரும் மேடமும் கட்டாயம் கூட இருக்கணும்."

"சுத்திப் பாத்துட்டு, ஸ்டூல்ல ஏறி போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் இடி சார்.

"எடுக்கட்டும் சார்." சின்ன முதலாளியின் சிரிப்பு அடங்கியது. "ராத்திரி படுத்தா எனக்கு ஒரே யோசனையா இருக்கு. நாமளே கூடிப் பேசி, நாமளே முடிவு பண்ணி, எல்லாத்தையும் மாத்திட்டோம். போனவங்ககிட்ட ஒருத்தராவது கேட்டோமா, ஏன் போனீங்கன்னு?"

கேட்கவேண்டிய ஆள் மேடம்தான். கேட்டும் இருக்கிறாள். ஆனால் போகிற அன்று யார் உண்மை சொல்கிறார்கள்? அனுபவச் சான்றிதழ் கைக்கு வருகிற வரையில் எல்லோருக்கும் 'சொந்தக் காரணம்'தான்.

"மேடம், இன்னைக்கே போன் போடுங்க. ஒருத்தர் விடாம கேளுங்க" என்றவர், சற்றுத் தயங்கி, "உங்க பொண்ணையும் சேர்த்துத்தான்" என்றார்.

"அது எங்க வீட்டு விஷயம் சார்." இடி சாரின் குரலில் தொட்டிச் செடி ஆடாததுதான் பாக்கி.

"வீட்டு விஷயத்துல நான் தலையிடல சார். கட்டில்ல ஒரு கையால மடக்குற பக்கக் கம்பி இருக்கே, அது அவங்க வரைஞ்சது. இன்னைக்கும் எல்லாக் கட்டில்லயும் அதைத்தான் மாட்டுறோம். அப்படி ஒரு ஆளு ஏன் போனாங்கன்னு எனக்குத் தெரியவேண்டாமா?"

இடி சார் கூடத்துக்குப் போய்விட்டார். மேடம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

முதலில் எடுத்தவன் ஒரு வெல்டிங் பையன்.

"எங்க சங்கு உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருந்துச்சாப்பா?" என்று ஆரம்பித்தாள்.

"சங்கா? ஐயோ, அது ஊதினா எங்க தெரு நாயெல்லாம் கூடச் சேர்ந்து ஊளையிடும் மேடம். சிரிப்பா வரும். எடுத்துட்டீங்களா? அடப்பாவமே!"

"பின்ன ஏன் போனீங்க?"

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. "என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல மேடம். 'டேய் புதுசு, இங்க வா.' எனக்கப்புறம் மூணு பேரு வந்து சேர்ந்தாங்க. அப்பவும் நான்தான் புதுசு. போற அன்னைக்கும் புதுசாவேதான் போனேன்."

பெயிண்ட் பூத்தில் இருந்த பெண் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாள். "முதல் வாரம் ஒரு சந்தேகம் கேட்டேன். இதுகூடத் தெரியாதான்னாங்க. அப்புறம் நான் கேக்கவே இல்ல. கேக்காம செஞ்சு தப்பாப் போச்சு. அதுக்கும் திட்டு. எப்படியும் திட்டுத்தான்னா எதுக்கு மேடம் பஸ் பிடிச்சு வரணும்?"

அசெம்பிளிப் பிரிவில் இருந்தவன் ரொம்ப மரியாதையான பிள்ளை. "இடி சார் நல்லவர் மேடம். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சு அவரே ஸ்கூட்டர்ல கொண்டுவந்து வீட்டுல விட்டாரு. ஆனா அவரு நல்லவருன்னு தெரிஞ்சுக்கவே ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணுமே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாக்குப்பிடித்த ஒரே ஆள் என்கிற முறையில் அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஆலையின் பெயரைக் கேட்டதும் ஒருவன் பட்டென்று வைத்தான். இன்னொரு பெண் நெடுநேரம் பேசிவிட்டு, "எங்கம்மா மாதிரியே பேசுறீங்க மேடம். அங்க இருந்தப்ப இது தெரியலயே" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். மேடத்துக்குச் சுருக்கென்றது.

பேசப் பேச, அந்தக் குரல்களுக்குப் பின்னால் கேட்ட சத்தங்களின் மேல் அவள் காது போனது. எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடத்தது. யாரோ அறைத்தோழி வாளியை நகர்த்தினாள். யாரோ சிரித்தார்கள். வாலுவின் அறையிலும் இப்படி ஒரு விசிறி இருக்குமோ? அதன் கீழே அவள் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறாள்? பெற்ற பிள்ளை குடியிருக்கிற அறைக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல், ஊரார் பிள்ளைகளின் குறைகளை விலாவாரியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று இருந்தது.

மதியம் கதவு தட்டாமல் திறந்தது.

"சாப்பிட வரல?" என்றார் இடி சார்.

"இன்னும் ஒரு போன் பாக்கி இருக்கு."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வேலை கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பண்ணு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

தன் போனில் கூப்பிட்டால் 'சாப்டியா'வில் போய் முட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். ஆபீஸ் போனிலேயே எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ?"

"வணக்கம். நான் ஆலையிலேர்ந்து பேசுறேன். எச்.ஆர்."

"அம்மா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. இது ஆபீஸ் விஷயம். இங்கேர்ந்து போனவங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கறோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

என்ன அபத்தம் என்று சொல்லி முடிக்கும்போதே தோன்றியது. வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது குரல் வந்தது.

"பேசலாம் மேடம்."

"ஏன் போனீங்க?"

'நீங்க' என்று கேட்டபோது கேள்வி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. 'நீ' என்று கேட்க முடியாமல் தொண்டையிலேயே கிடந்த கேள்வி.

"உண்மையச் சொல்லணுமா?"

"ஆமா."

"இடி சார் திட்டினதால போயிட்டேன்னு நினைச்சிருப்பீங்க. அது இல்ல மேடம். அவரு எல்லாரையும்தான் திட்டுவாரு. அப்பா திட்டினா அம்மாகிட்ட போய் அழலாம். சூப்பர்வைசர் திட்டினா எச்.ஆர்.கிட்ட போய்ச் சொல்லலாம். நான் யாருகிட்ட போறது? ஆபீஸ்ல உங்ககிட்ட வந்தேன், 'வீட்ல பேசிக்கலாம்'னீங்க. வீட்டுல வந்து உக்கார்ந்தேன், 'ஆபீஸ் விஷயத்த இங்க கொண்டுவராதே'ன்னீங்க."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது. எதிரில் இடி சார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஆறு மணிக்கு வேலைய விட்டு வீட்டுக்குப் போவாங்க" என்றது குரல், நிதானமாக, பலநாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த மாதிரி. "நான் எங்க போனாலும் அங்க சாரும் மேடமும்தான் இருந்தாங்க. எனக்கு வேலை கஷ்டமா இல்ல. வேலைய விட்டுட்டுப் போக ஒரு வீடு இல்ல. அவ்வளவுதான் மேடம். எழுதிக்கிட்டீங்களா?"

"ம்."

"வேற கேள்வி?"

"இங்க நிறைய மாத்தியிருக்கோம். திரும்ப வந்து சேர விருப்பம் உண்டா?"

"இல்ல மேடம். இங்க எனக்கு வேலை பிடிச்சிருக்கு."

"டிசைன் பிரிவ ஜன்னல் பக்கம் மாத்தியாச்சு." எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "இங்க என் சீட்டுக்கு ஜன்னலே கிடையாதும்மா."

அந்த ஒரு 'ம்மா' போதுமாக இருந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"சனிக்கிழமை வர்றியா?"

"ஆலைக்கா? இப்பதானே சொன்னேன்..."

"வீட்டுக்கு."

"இதக் கேக்கறது யாரு? எச்.ஆரா?"

"எச்.ஆர். பேசி முடிச்சாச்சு. இது அம்மா."

விசிறிச் சத்தம் இல்லை, பக்கத்தில் ஆள் சத்தமும் இல்லை. அவள் காதைப் போனோடு அழுத்திக்கொண்டாள். மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"லீவு குடுப்பாங்களாடி?"

"இங்க சொல்லிட்டா போதும், குடுத்துருவாங்க. அது இல்லம்மா... எனக்கு வேற ஒண்ணு யோசிக்கணும். சாயங்காலம் சொல்றேன்."

போனை வைத்தாள். இடி சார் மேசையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சேர மாட்டாளாமா?"

"மாட்டாளாம்."

"என்னாலதானே?"

"உங்களால இல்லையாம்."

அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு வருஷமாகத் தன் தலையில் சுமந்துகொண்டிருந்ததை யாரோ இறக்கிவிட்டதும், வெறுந்தலையோடு எப்படி நிற்பது என்று தெரியாதவர் மாதிரி விழித்தார்.

"அப்ப யாரால?"

"நம்ம ரெண்டு பேராலயும்ங்க. கேட்டுக்கு உள்ளயும் வெளியிலயும் ஒரே மாதிரி இருந்துட்டோம்."

மனைவி கணவனிடம் பேசுகிற அந்த 'ங்க' ஆலைக்குள் அவர் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்று, "சாப்பிடு முதல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மதிய வேலை நடந்த நேரம் முழுக்கக் கூடத்திலிருந்து அவர் குரல் எழவே இல்லை. இடி சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் வந்து மேடத்திடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வேலை முடிகிற நேரத்தில் அவள் சின்ன முதலாளியைப் பார்க்கப் போனாள்.

"சங்கைத் திரும்ப மாட்டிடலாம் சார். அதைப் பத்தி யாருக்கும் குறை இல்ல."

"ஸ்டூல்?"

"ஸ்டூலைப் பத்தி யாரும் பேசவே இல்ல."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. பாவம், அலைந்து திரிந்து வாங்கிய ஸ்டூல்கள்.

"வந்த அன்னைக்கே பேரக் கேட்டு, அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். சந்தேகம் கேட்டா முகம் சுளிக்காம பதில் சொல்லணும். திட்டு வாங்கினா போய்ச் சொல்ல ஒரு இடம் வேணும். இவ்வளவுதான் சார் கேக்கறாங்க. ஆனா அந்த இடத்துல நான் உக்காரக்கூடாது."

"என்ன மேடம் இது? நீங்க இல்லாம வேற யாரு?"

"திட்டுற மனுஷன்கூடத்தான் நான் ஒரே ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போறேன். எந்தப் பிள்ளை சார் என்கிட்ட வந்து வாயத் திறக்கும்?"

"அப்ப உங்க வேலை?"

"அத அடுத்த வாரம் பேசிக்கலாம். சனிக்கிழமை நான் வரல சார். வீட்டுக்கு ஆள் வந்தாலும் வரலாம்."

"அன்னைக்குப் போயா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் அவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மகளின் அறைக் கதவைத் திறந்தாள். அறை என்று பெயர்தான். பழைய மின்விசிறி, ஸ்கூட்டர் டயர், அட்டைப்பெட்டிகள் என்று எது எதுவோ ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்திருந்தன. வாலு போன புதிதில் இருவரும் அந்த அறையைத் தொடவே இல்லை. பிறகு வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நிரப்பினார்கள். அதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

"நகரு, டயரு கனமா இருக்கும்" என்று பின்னாலிருந்து வந்தார் கணவர். சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றார்.

இருவருமாக அட்டைப்பெட்டிகளைக் கூடத்துக்கு இழுத்தார்கள். ஜன்னலைத் திறந்தபோது கொக்கி இறுகிப்போயிருந்தது. அவர் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித் திறந்தார். மாலை வெளிச்சம் தூசியோடு உள்ளே வந்தது.

"வர்றேன்னு இன்னும் சொல்லலயே அவ" என்றார், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு.

"சொல்லலைன்னா என்ன? அறைதானே, சுத்தமா இருக்கட்டும்."

"ஆமா ஆமா" என்று அவசரமாக ஒத்துக்கொண்டார். "சனிக்கிழமை ஆலையில நான் இல்லைன்னா ஒண்ணும் குடி முழுகிடாதுல்ல?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அவர் அலமாரியிலிருந்து போர்வையை எடுக்கப் போனார்.

கூடத்தில் அவள் கைப்பையிலிருந்து போன் சிணுங்கியது. துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். வாலுவின் செய்தி.

'சனிக்கிழமை வர்றேம்மா. தனியா இல்ல, கூட ஒருத்தரக் கூட்டிட்டு வரேன். முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு. அப்பாகிட்ட நான் நேர்ல சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ சொல்லாத.'

அவள் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தாள். 'முதல்ல உன்கிட்டதான்' என்ற இடத்தில் எழுத்துகள் கலங்கின. யார் அந்த ஒருத்தர், ஆணா பெண்ணா, என்ன சொல்லப்போகிறாள் என்பதெல்லாம் அப்புறம்தான் நெஞ்சில் வந்து மோதியது. இத்தனை நாளாக ஏங்கினது கைக்கு வந்துவிட்டது. வந்த கையோடு, இந்த வீட்டிலேயே ஒருவரிடம் மறைக்கவேண்டியதாகவும் ஆகிவிட்டது.

"யாரு, வாலுவா? என்ன சொல்றா?" அறைக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது.

"வர்றாளாம்" என்றாள்.

உள்ளே போர்வையை உதறுகிற ஓசை கேட்டது. அவர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் தலையணை. முகத்தில் அடக்கப் பார்த்தும் அடங்காத ஒரு சிரிப்பு.

"தலையணை ஒண்ணு போதுமா, ரெண்டு வெக்கட்டுமா?"

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு வைங்க" என்றாள்.